நடத்தாமல் விட்ட பாடம்



கொஞ்சம் நீளமான பதிவு. நான் வழக்கமாகப் போடும் பழமலைநாதர் கோயில் கோபுரம், மணிமுத்தாற்றில் தண்ணீர், பழைய வகுப்புப் புகைப்படம் மாதிரி இல்லை இது. ஆண்களின் உடல்நலம் பற்றியது. குறிப்பாகத் தாம்பத்திய உறவில் வரும் சிக்கல் பற்றியது. சங்கடப்படுகிறவர்கள் தாண்டிப் போகலாம், தப்பில்லை. ஆனால் நாற்பதைத் தொட்ட ஆண்களும் அவர்கள் வீட்டுப் பெண்களும் கடைசி வரை படித்தால் நல்லது. என் மனைவியிடம் முழுவதும் படித்துக் காட்டி, சம்மதம் வாங்கிய பிறகுதான் போடுகிறேன்.

சென்ற மாதம் ஒரு மாணவன் வீட்டுக்கு வந்தான். பெயர், ஊர், வேலை எதுவும் சொல்ல மாட்டேன். யாரும் ஊகிக்கவும் வேண்டாம். திருமணமாகி ஒரு வருடம்கூட ஆகவில்லை. காபி குடித்தான், பழைய கதை பேசினான், ஆனால் எழுந்து போகவில்லை. இருபது நிமிடம் வாசல் கதவையே பார்த்துக்கொண்டிருந்தான். என் மனைவி புரிந்துகொண்டு, "பூ வாங்கிட்டு வந்துடறேன்" என்று கிளம்பிப் போனார். அதற்குப் பிறகுதான் வாயைத் திறந்தான்.

முதலிரவில் பதற்றம். மறுநாளும் அதே பதற்றம். யாரிடமும் கேட்கவில்லை. ராத்திரி டிவியில் பேசும் ஒரு "பரம்பரை வைத்தியர்" நம்பருக்குப் போன் போட்டிருக்கிறான். "சின்ன வயசுல கைப்பழக்கம் இருந்துச்சா? நரம்பெல்லாம் செத்துப் போச்சு தம்பி. 48 நாள் மருந்து, ஆறு மாசம் தொடரணும்" என்று சொல்லி, தவணை தவணையாக நாற்பதாயிரம் வாங்கிவிட்டார்கள். அந்தப் பெண் கோபித்துக்கொண்டு அம்மா வீட்டுக்குப் போய்விட்டாள். பையன் சாவைப் பற்றி யோசிக்கும் அளவுக்குப் போயிருந்தான்.

எல்லாம் சொல்லிவிட்டுக் கடைசியாக ஒன்று கேட்டான். "சார், எட்டாம் வகுப்புல வளரிளம் பருவம்னு ஒரு பாடம் இருந்துச்சே. நீங்க அதை மட்டும் நடத்தவே இல்ல. நீங்களே படிச்சுக்கோங்க, பரீட்சைக்கு வராதுன்னு சொல்லிட்டீங்க. ஏன் சார்?"

என்னிடம் பதில் இல்லை. என்னிடம் படித்தவர்களுக்கு நன்றாக நினைவிருக்கும். ஒளிச்சேர்க்கைக்கு மூன்று நாள் எடுப்பேன். மின்சாரப் பாடத்துக்கு நம் ஊர் பட்டறையில் செய்த வெள்ளைப் பீங்கான் ஃபியூஸ் கட்டையைக் கையோடு கொண்டு வந்து, பிரித்துக் காட்டுவேன். அந்த ஒரு பாடம் வந்தால் மட்டும் பக்கத்தைப் புரட்டிவிடுவேன். பின் பெஞ்சில் சிரிப்புச் சத்தம் கேட்கும். நான் கரும்பலகைப் பக்கம் திரும்பிக்கொள்வேன். அறிவியல் வாத்தியாருக்கே வெட்கம்.

அந்த வெட்கம் மாணவர்களோடு நிற்கவில்லை. எனக்கும் அதுதான் நடந்தது.

2009ல் எனக்கு 51 வயது. மெல்ல மெல்ல உறவில் இயலாமை வந்தது. முதலில் களைப்பு என்று நினைத்தேன். அப்புறம் வயசு என்று நினைத்தேன். ராத்திரி நாலு தடவை எழுந்து சிறுநீர் கழிக்கப் போனேன். சட்டை தொளதொளவென்று ஆனது. ஸ்டாஃப் ரூமில் "சார் நல்லா இளைச்சுட்டீங்க" என்றார்கள், சந்தோஷப்பட்டேன். இதெல்லாம் எதன் அறிகுறி என்று ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு நான் பாடம் எடுத்தவன். ஆனால் என் உடம்பு என்று வந்தபோது ஒன்றோடு ஒன்றைச் சேர்த்துப் பார்க்கத் தெரியவில்லை.

மருத்துவரிடம் போகவில்லை. சின்ன ஊர். வரிசையில் பக்கத்தில் உட்காருகிறவர் பழைய மாணவனின் அப்பாவாக இருப்பார். மருந்துக் கடையில் நிற்கிற பையன் என்னிடமே படித்தவனாக இருப்பான். அதனால் ரயில் ஏறி வேறு ஊருக்குப் போனேன். நம் ஊர் ஜங்ஷன். எந்தப் பக்கமும் போகலாம். பேருந்து நிலையம் பக்கத்து லாட்ஜில் மாதம் ஒரு நாள் வந்து தங்கும் வைத்தியர். சுவரொட்டியில் பார்த்துக் குறித்து வைத்திருந்தேன். மாடிப்படியில் வரிசை. ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவில்லை. துண்டால் முகத்தை மூடிக்கொண்டு ஒருவர் உட்கார்ந்திருந்தார். அன்றைக்கு நானும் அவரும் ஒன்றுதான்.

அவர் நாடி பார்த்தார். சர்க்கரை இருக்கிறதா, பி.பி. இருக்கிறதா, பீடி சிகரெட் உண்டா என்று ஒரு கேள்வி கேட்கவில்லை. 4,500 ரூபாய்க்கு ஒரு டப்பா லேகியமும் ஒரு பொட்டலம் பொடியும் கொடுத்தார். வெல்லப்பாகும் தேனும் சேர்த்துக் கிண்டிய லேகியம். காலையும் மாலையும் ஒரு நெல்லிக்காய் அளவு. உள்ளே கூடிக்கொண்டிருந்த சர்க்கரைக்கு மேலே நானே பணம் கொடுத்து வெல்லம் வாங்கித் தின்றேன். இரண்டு வருடம் இப்படி விட்டு விட்டு ஓடியது.

அந்த இரண்டு வருடம் வீட்டில் என்ன நடந்தது என்பதுதான் பெரிய கணக்கு. நான் வெட்கத்தில் தள்ளிப் படுத்தேன். திண்ணையில் காற்று நல்லா வருகிறது என்று பாயை எடுத்துக்கொண்டு போனேன். பேச்சு குறைந்தது. சின்ன விஷயத்துக்கெல்லாம் எரிந்து விழுந்தேன். என் மனைவிக்கு அதற்குச் சற்று முன்னால்தான் கர்ப்பப்பை அறுவை சிகிச்சை ஆகியிருந்தது. "இனிமே நான் இவருக்கு வேண்டாதவளா ஆயிட்டேன்" என்று அவர் முடிவு கட்டிக்கொண்டார். இதை எனக்குச் சொன்னது பல வருடம் கழித்து. நான் என் மானத்தைக் காப்பாற்றிக்கொள்வதாக நினைத்து வாயை மூடிக்கொண்டிருந்தேன். அதற்கான தண்டனையை அனுபவித்தது அவர்.

2011ல் காலில் செருப்பு கடித்த புண் மூன்று வாரம் ஆறவில்லை. மனைவி கையைப் பிடித்து இழுக்காத குறையாக நம் ஊரிலேயே ஒரு பொது மருத்துவரிடம் கூட்டிப் போனார். அன்று இருந்தவர் இளம் பெண் மருத்துவர்; என் மாணவிகள் வயதுதான் இருக்கும். புண்ணைப் பார்த்தார், ரத்தப் பரிசோதனை எழுதினார். வெறும் வயிற்றில் சர்க்கரை 262.

ரிப்போர்ட்டைப் பார்த்துவிட்டு அவர் சாதாரணமாகக் கேட்டார்: "ஐயா, ராத்திரி யூரின் எத்தனை தடவை போறீங்க? கால் மரத்துப் போகுதா? கண் மங்குதா? தாம்பத்திய உறவுல ஏதாவது சிரமம் இருக்கா?" நாலாவது கேள்வியும் முதல் மூன்றைப் போலவே, அதே குரலில் வந்தது.

முப்பது வருடம் வகுப்பில் தொண்டை கிழியப் பேசியவனுக்கு வார்த்தை வரவில்லை. அவர் மேஜையில் இருந்த துண்டுச் சீட்டை எடுத்து, "ஆமாம். இரண்டு வருடமாக" என்று எழ்தி நீட்டினேன். அவர் சிரிக்கவில்லை, முகம் சுளிக்கவும் இல்லை. "இதை அப்பவே சொல்லியிருந்தா சர்க்கரையை ரெண்டு வருஷம் முன்னாடியே பிடிச்சிருக்கலாமே ஐயா" என்றார். அவ்வளவுதான்.

பிறகு ஒரு காகிதத்தில் மூன்று குழாய் வரைந்து விளக்கினார். ஆணுறுப்புக்கு ரத்தம் கொண்டு போகும் குழாய் ஒன்று அல்லது இரண்டு மில்லிமீட்டர் அகலம்தான். இதயத்துக்குப் போவது மூன்று, நான்கு மில்லிமீட்டர். மூளைக்குப் போகும் கழுத்துக் குழாய் ஐந்து முதல் ஏழு. சர்க்கரை, ரத்தக் கொதிப்பு, கொழுப்பு, புகை எல்லாம் எல்லாக் குழாயையும் ஒரே மாதிரிதான் கெடுக்கும். ஆனால் சின்னக் குழாய்தான் முதலில் காட்டிக் கொடுக்கும். அதனால்தான் பலருக்கு இந்தக் குறை வந்து இரண்டு முதல் ஐந்து வருடத்தில் மாரடைப்பு வருகிறது. எல்லோருக்கும் அப்படி வரும் என்றில்லை. ஆனால் இந்தக் குறையோடு வருகிறவருக்கு சர்க்கரை, பி.பி., கொழுப்பு, இ.சி.ஜி. பார்க்காமல் அனுப்பக் கூடாது என்றார்.

வீட்டுக்கு வரும் வழியெல்லாம் நான் வகுப்பில் காட்டும் ஃபியூஸ் கட்டைதான் நினைவுக்கு வந்தது. சுமை கூடினால் அந்த மெல்லிய கம்பி முதலில் உருகும். அது உருகுவது வீட்டைக் காப்பாற்ற. கோளாறு எங்கே என்று தேடாமல் தடித்த கம்பியைக் கட்டி ஓட்டினால் ஒயரிங் பற்றி எரியும். வருடா வருடம் பிள்ளைகளுக்குச் சொன்ன பாடம்.

அன்று இரவு மனைவியிடம் எல்லாவற்றையும் சொன்னேன். லாட்ஜ், லேகியம், 4,500 ரூபாய் எல்லாம். அவர் வெகுநேரம் அழுதார். "இதுக்குத்தானா? இதுக்குத்தானா?" என்றுதான் திரும்பத் திரும்பக் கேட்டார்.

மாத்திரை, நடை, சாப்பாட்டில் கட்டுப்பாடு. ஆறு மாதத்தில் சர்க்கரை வழிக்கு வந்தது. அந்தக் குறைக்கும் மருத்துவர் பரிசோதித்த பிறகு மாத்திரை எழுதினார். முழுவதும் பழையபடி ஆனது என்று பொய் சொல்ல மாட்டேன். திண்ணைப் பாய் மட்டும் வீட்டுக்குள் வந்துவிட்டது. அதுவே எங்களுக்குப் பெரிது.

இதோடு முடிந்திருந்தால் இந்தப் பதிவை எழுதியிருக்க மாட்டேன்.

எனக்கு ஒரு நண்பர் இருந்தார். செராமிக் பட்டறை வைத்திருந்தவர். நான் வகுப்புக்குக் கொண்டு போன ஃபியூஸ் கட்டைகள் எல்லாம் அவர் சூளையில் வெந்து வந்தவை. 2012ல் ஒரு நாள் காலை நடையில், பாதி சிரிப்பும் பாதி தயக்கமுமாக, "வாத்தியாரே, ஊருக்கெல்லாம் ஃபியூஸ் செஞ்சு கொடுத்தேன். எனக்கே ஃபியூஸ் போயிடுச்சு" என்றார். எதைச் சொல்கிறார் என்று எனக்கு அந்த நொடியே புரிந்தது. ஒரு நாளைக்கு இரண்டு கட்டு பீடி பிடிப்பவர். எனக்கு அப்போது எல்லாம் தெரியும். மருத்துவர் வரைந்த அந்த மூன்று குழாய் படம் என் சட்டைப் பையில்தான் இருந்தது. "உடனே இதயத்தைச் சோதிச்சுப் பாருங்க" என்று சொன்னால், "உங்களுக்கு எப்படித் தெரியும்?" என்று கேட்பாரோ என்று பயந்தேன். "வயசாகுதுல்ல" என்று சொல்லி நானும் சிரித்தேன்.

2014ல் பட்டறையிலேயே மாரடைப்பு. ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போவதற்குள் முடிந்துவிட்டது. வயது 56.

நான் சொல்லியிருந்தால் பிழைத்திருப்பாரா? தெரியாது. பின்னாளில் அந்த மருத்துவரிடம் கேட்டபோது, "அப்படி உறுதியாச் சொல்ல முடியாது ஐயா" என்றார். எனக்கு ஆறுதலுக்குச் சொன்னாரா என்றும் தெரியவில்லை. சொல்லியிருக்க வேண்டும் என்பது மட்டும் தெரியும். இன்றைக்கும் பழைய வீடுகளில் அந்த வெள்ளைக் கட்டையைப் பார்த்தால் எனக்கு அவர் சிரித்த முகம்தான் தெரிகிறது.

இனி, நடத்தாமல் விட்ட பாடத்தைச் சுருக்கமாக நடத்திவிடுகிறேன்.

முதலில் இளைஞர்களுக்கு. கைப்பழக்கத்தால் நரம்பு சாகாது. ஒரு துளி விந்து பல துளி ரத்தத்துக்குச் சமம் என்பது பழைய நம்பிக்கை, உடலியல் அல்ல. விந்து உடம்பில் தொடர்ந்து உற்பத்தியாகிக்கொண்டே இருப்பது. "விந்து போய் உடம்பு கெட்டுவிட்டது" என்ற பயமே ஆளை நோயாளியாக்கும். அதற்கு 1960லேயே மனநல மருத்துவர் என்.என். விக் "தாது நோய்க்குறி" என்று பெயர் கொடுத்தார். புது மாப்பிள்ளைக்கு வரும் பதற்றம் மிகச் சாதாரணம். காலையில் கண் விழிக்கும்போது விறைப்பு இயல்பாக இருக்கிறது, உறவின்போது மட்டும் சிரமம் என்றால் பெரும்பாலும் அது மனம் சார்ந்தது, ஆலோசனையிலேயே சரியாகும். விரைவில் விந்து வெளியேறுவதற்கும் சிகிச்சை உண்டு. என் மாணவனை அனுப்பி வைத்தேன். மனநல மருத்துவர் இருவரையும் உட்கார வைத்துப் பேசினார். அந்தப் பெண் திரும்பி வந்துவிட்டாள். மற்றதை அவர்கள் பார்த்துக்கொள்வார்கள்.

நாற்பதைத் தாண்டியவர்களுக்கு. சில வாரத்துக்கு மேல் இந்தக் குறை நீடித்தால் முதலில் பார்க்க வேண்டியது சாதாரணப் பொது மருத்துவர்தான். தேவைப்பட்டால் அவரே யூராலஜி மருத்துவருக்கோ, இதய மருத்துவருக்கோ, மனநல மருத்துவருக்கோ எழுதித் தருவார். சர்க்கரை, பி.பி., கொழுப்பு, சில நேரம் காலையில் எடுக்கும் ஹார்மோன் சோதனை, இவ்வளவுதான். அமெரிக்காவில் மாசசூசெட்ஸ் மாநிலத்தில் 40 முதல் 70 வயது ஆண்களிடம் நடத்தி 1994ல் வெளியான ஆய்வில், பாதிக்கு மேற்பட்டவர்களுக்கு ஏதோ ஓர் அளவில் இந்தக் குறை இருந்தது. நம் நாட்டிலோ 2023ல் வந்த ஐ.சி.எம்.ஆர். ஆய்வுக் கணக்குப்படி சர்க்கரை நோயாளிகளே சுமார் 10 கோடி பேர். நீங்கள் தனி ஆள் இல்லை.

பி.பி. மாத்திரையில் சில, இந்தக் குறையைக் கொண்டுவரலாம். அதற்காக நீங்களாக நிறுத்திவிடாதீர்கள். மருத்துவரிடம் சொன்னால் மாற்றித் தருவார்.

மருந்துக் கடையில் நீங்களாகக் கேட்டு மாத்திரை வாங்காதீர்கள். 1998ல் வந்த சில்டெனாஃபில் நல்ல மருந்துதான். நெஞ்சுவலிக்கு மருந்து தேடப் போய்க் கிடைத்தது அது. ஆனால் நெஞ்சுவலிக்கு நாக்குக்கு அடியில் வைக்கும் மாத்திரை போன்ற நைட்ரேட் மருந்துகளோடு அது சேர்ந்தால் ரத்த அழுத்தம் சட்டென்று விழுந்து உயிருக்கே ஆபத்து. மாத்திரை போட்டு நாலு மணி நேரத்துக்கு மேல் விறைப்பு தணியவில்லை என்றால் உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும். "முழுக்க மூலிகை" என்று விற்கும் பொடிகளில் இதே சில்டெனாஃபிலைக் கலந்து விற்பதாக அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை பலமுறை எச்சரித்திருக்கிறது. என்ன தின்கிறோம் என்பது தெரியாமல் தின்பதுதான் பெரிய ஆபத்து.

சித்த மருத்துவத்தை நான் குறை சொல்லவில்லை. அரசு மருத்துவமனைகளில் பட்டம் படித்த சித்த மருத்துவர்கள் இருக்கிறார்கள், அவர்களிடம் தாராளமாகப் போகலாம். நான் சொல்வது லாட்ஜ் வைத்தியரை. 1954லேயே நம் நாட்டில் ஒரு சட்டம் வந்தது. எந்தெந்த நோய்க்கு மருந்து என்று விளம்பரம் செய்யக் கூடாது என்று அதில் ஒரு பட்டியல் இருக்கிறது. ஆண்மைக் குறைவு அதில் உண்டு. சர்க்கரை நோயும் அதே பட்டியலில் உண்டு. சட்டம் வந்தபோது நான் பிறக்கவே இல்லை. சுவரொட்டி இன்னும் நிற்கவில்லை. நாம் மருத்துவரிடம் வாய் திறக்காத வரை அது நிற்காது.

விஜய் டிவியில் டாக்டர் மாத்ருபூதம் "புதிரா புனிதமா" நிகழ்ச்சியில் இதையெல்லாம் நிதானமாகச் சொன்னார். அது வந்தால் எழுந்து போய் சேனலை மாற்றியவன் நான். பிள்ளைகள் இருந்தார்கள் என்று காரணம் சொல்லிக்கொண்டேன். அவர்கள் தூங்கிய பிறகாவது பார்த்திருக்கலாம்.

கடைசியாக, வாய் வராதவர்களுக்கு ஒரு வாத்தியார் யோசனை. துண்டுச் சீட்டில் எழுதிக் கொண்டு போங்கள். "உறவில் சிரமம். இத்தனை மாதமாக. இன்னின்ன மாத்திரை சாப்பிடுகிறேன். புகை, குடி இவ்வளவு." நாலே வரி. நீட்டினால் போதும். இப்போது மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் 2021லிருந்து சர்க்கரைக்கும் பி.பி.க்கும் மாத்திரை வீட்டுக்கே வருகிறது. ஆனால் இந்தச் சீட்டை எழுத யாரும் வீடு தேடி வர மாட்டார்கள். நாம்தான் எழுத வேண்டும்.

வீட்டுப் பெண்களுக்கு ஒரு வார்த்தை. உங்கள் வீட்டுக்காரர் காரணமில்லாமல் விலகிப் போனால், எரிந்து விழுந்தால், உங்கள் மேல் குறை இருக்கிறது என்று முடிவு கட்டாதீர்கள். சர்க்கரை பார்க்கலாம் வாங்க என்று கூட்டிப் போங்கள். என்னைக் காப்பாற்றியது அப்படிப்பட்ட ஒரு கூட்டிப் போனதுதான்.

இப்போது ஆசிரியராக இருக்கும் என் மாணவர்களே, உங்களில் பலர் இதே மாவட்டத்துப் பள்ளிகளில் இருக்கிறீர்கள். அந்தப் பாடம் வரும்போது பக்கத்தைப் புரட்டாதீர்கள். பிள்ளைகள் சிரிப்பார்கள். சிரிக்கட்டும். சிரித்து முடித்த பிறகு நடத்துங்கள்.

கீழே எழுதத் தயங்குகிறவர்கள் எனக்குத் தனியாகப் போன் செய்யுங்கள். நான் மருத்துவன் இல்லை, மருந்து சொல்ல மாட்டேன். மருத்துவரிடம் தனியாகப் போகக் கூச்சமாக இருந்தால் கூட வருவேன். வெளியே பெஞ்சில் உட்கார்ந்து பேப்பர் படித்துக்கொண்டிருப்பேன். யாராவது பார்த்துக் கேட்டால், "எனக்குத்தான் உடம்பு சரியில்லை, இவன் துணைக்கு வந்தான்" என்று சொல்லிவிடலாம்.

அன்புடன்,
உங்கள் பழைய அறிவியல் வாத்தியார்,
விருத்தாசலம்.